வேர்ல்விண்டுக்கு நினைவு திரும்பிய கதை: காந்த வளைய நினைவகம், ஒரு நிகழ்வு ஆய்வு

1953 ஆகஸ்ட். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், மாசச்சூசெட்ஸ் அவென்யூவில் இருந்த பார்ட்டா கட்டடத்தில் ஒரு பெரிய கணினியின் நினைவகத்தை மாற்றினார்கள். கணினியின் பெயர் வேர்ல்விண்ட். கட்டியது மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி. பழைய நினைவகம் சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிழை செய்துகொண்டிருந்தது. புதியதான காந்த வளைய நினைவகம் வந்த பிறகு அந்த இடைவெளி இரண்டு வாரமாக நீண்டது. தினமும் நான்கு மணி நேரம் பிடித்த நினைவகப் பராமரிப்பு, வாரத்துக்கு இரண்டு மணி நேரமாகக் குறைந்தது. ஒரு சொல்லை, அதாவது கணினி ஒரே மூச்சில் கையாளும் 1, 0 வரிசையை, எடுக்க 25 மைக்ரோ விநாடி ஆனது, இனி 9 போதும் என்றானது.

இந்த எண்களில் எல்லோரும் கடைசியில் உள்ளதைத்தான் எடுத்துச் சொல்வார்கள். கணினி வரலாறு என்றாலே வேகத்தின் வரலாறு என்று பழகிவிட்டோம். என் கண்ணில் முதல் எண்தான் பெரியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாம் மறந்துபோகிற இயந்திரத்தை நம்பி எந்த வேலையையும் ஒப்படைக்க முடியாது. காந்த வளையம் பிறந்ததே அந்த அவநம்பிக்கையிலிருந்துதான். அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பயிற்சிப் பொறியாகத் தொடங்கியது

1944-ல் அமெரிக்கக் கடற்படை எம்ஐடியிடம் கேட்டது கணினி அல்ல. விமானிகள் தரையிலேயே உட்கார்ந்து ஓட்டிப் பழக ஒரு பொறி. அதோடு, இன்னும் கட்டப்படாத ஒரு விமானம் காற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் அதில் பார்க்க முடிய வேண்டும். பொறுப்பு ஜே ஃபாரஸ்டர் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். பள்ளிப் பருவத்திலேயே பழைய கார் உதிரிபாகங்களை வைத்துக் காற்றாலை செய்து பண்ணை வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவந்தவர். அவருக்கு வலது கையாக ராபர்ட் எவரெட்.

முதலில் அனலாக் முறையில்தான் யோசித்தார்கள். அது ஒத்துவராது என்று தெரிந்ததும் டிஜிட்டலுக்கு மாறினார்கள். இந்த இடத்தில்தான் வேர்ல்விண்ட் தன் காலத்து மற்ற கணினிகளிடமிருந்து பிரிகிறது. கணக்கைக் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து விடை வாங்கிக்கொள்கிற விவகாரம் இல்லை இது. விமானி கைப்பிடியை அசைத்த அந்தக் கணமே பொறி பதில் சொல்ல வேண்டும். அதனால் ஒரு சொல்லின் 16 பிட்டையும், அதாவது அதில் உள்ள 1, 0 அனைத்தையும், ஒரே நேரத்தில் கையாளும்படி வடிவமைத்தார்கள். ஆயிரக்கணக்கான வால்வுகள், அதாவது வெற்றிடக் குழாய்கள், ஏறின. செலவும் ஏறியது. கடற்படைக்கு மெல்லப் பொறுமை போனது.

1949 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் அணுகுண்டைச் சோதித்தது. குண்டு வீசும் விமானம் வடதுருவம் வழியாக வந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற பயம் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது. பல ராடார்களிலிருந்து வரும் தகவலைச் சேர்த்து, உடனுக்குடன் கணக்கிட்டு, போர் விமானத்தை இந்தத் திசையில் போ என்று சொல்ல ஒரு கணினி வேண்டும். அப்படி உடனுக்குடன் வேலை செய்யும் நோக்கத்தோடு உருவாகிக்கொண்டிருந்த வேர்ல்விண்ட் விமானப்படையின் கண்ணில் பட்டது. 1951 ஏப்ரலில் ஒரு விமானத்தை இன்னொன்று இடைமறிக்க அது வழிகாட்டியும் காட்டியது. இப்போது பிழை என்றால் அதன் பொருளே வேறு. விடை தவறினால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம் என்ற சலுகை வானத்தில் கிடையாது.

மறதிக்காரக் குழாய்கள்

அந்தக் காலத்தில் நினைவகம் என்று சொல்லிக்கொள்ள என்னென்ன இருந்தது? பாதரசக் குழாயில் ஒலி அலையாகத் தகவலை ஓடவிடுவார்கள். தேவையான பிட் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். சுழலும் காந்த உருளையும் அதே கதைதான். வேர்ல்விண்டுக்குக் காத்திருக்க நேரமில்லை. மிச்சம் இருந்தது நிலைமின் குழாய். பழைய டிவியின் படக்குழாய்க்குத் தம்பி மாதிரி. உள்ளே ஒரு பரப்பில் எலக்ட்ரான் கற்றையால் புள்ளி புள்ளியாக மின்னூட்டம் வைப்பார்கள். ஊட்டம் இருக்கும் நிலையைப் பொறுத்து 1 அல்லது 0. வைத்த ஊட்டம் கசிந்துபோகாமல் காக்க, பரப்பு முழுவதையும் நனைத்தபடி இன்னொரு எலக்ட்ரான் துப்பாக்கி ஓடிக்கொண்டே இருக்கும்.

எம்ஐடி இந்தக் குழாய்களைத் தானே செய்தது. ஒரு குழாயில் 1,024 பிட் வைப்பது இலக்கு. தொடக்கத்தில் ஓடியது 256-ல். ஒரு குழாய் செய்யச் சுமார் 1,000 டாலர், அது உழைப்பது ஏறக்குறைய ஒரு மாதம் என்று ஃபாரஸ்டர் பின்னாளில் கணக்குச் சொன்னார். அதாவது 1,024 பிட்டும் ஓடினால்கூட ஒரு பிட்டுக்கு மாதம் ஒரு டாலர் வாடகை. சரி, காசைக்கூட விட்டுவிடலாம். எந்தக் குழாய் எப்போது தவறும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் குழுவினர் பழுதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள் இல்லை, பழுதைத் தேடிப் போகிறவர்கள். சாதாரண வால்வுகள் சீக்கிரமே சோர்ந்துபோவதைப் பார்த்து, காரணத்தைத் துருவித் துருவிப் போய், எலக்ட்ரானை உமிழும் முனையான கேத்தோடின் உலோகத்தில் கலந்திருந்த சிலிக்கானைப் பிடித்தார்கள். அதோடு விளிம்புச் சோதனை என்று ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். சுற்றுகளின் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கிப் பார்ப்பது. நாளை சாகப்போகிற உறுப்பு இன்றே தடுமாறும். அதைக் கழற்றிவிட்டு வேறு மாட்டிவிடலாம். இப்படிக் கணினியின் மற்ற பாகங்கள் எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டன. நினைவகம் மட்டும் வரவில்லை.

விளம்பரத்தில் கண்ட உலோகம்

ஃபாரஸ்டருக்கு 1947-லேயே ஓர் எண்ணம் இருந்தது. தகவலைக் கோட்டில் அடுக்காமல், ஒரு பரப்பில் கட்டம் கட்டமாக அடுக்காமல், கனசதுரமாக அடுக்கினால் என்ன? நெடுக்கில் ஒரு கம்பி, குறுக்கில் ஒரு கம்பி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு உறுப்பு. இரண்டு கம்பியிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் வந்தால் மட்டும் அது அசைய வேண்டும். வளிமம் நிரப்பிய சின்னஞ்சிறு மின்னொளிர் கலங்களை வைத்து முயன்றார். வெப்பம் மாறினால் அவற்றின் குணம் மாறியது, வயதானாலும் மாறியது. எண்ணத்தை மூட்டை கட்டி வைத்தார்.

1949-ல் ஒரு தொழில்நுட்ப இதழில் டெல்டாமேக்ஸ் என்ற காந்த உலோகத்தின் விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. காந்தப் பெருக்கிகளுக்காக விற்கப்பட்ட பொருள். அதன் காந்தமாக்க வரைபடம் ஏறக்குறைய செவ்வகம். சாதாரண இரும்பில் மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்டக் காந்தம் சிறிது சிறிதாக மாறும். இந்தப் பொருளோ ஓர் அளவு வரை அசையவே அசையாது. அதைத் தாண்டியதும் ஒரே புரட்டில் எதிர்த்திசைக்குப் போய்விடும். தாழ்ப்பாள் இறுகிப்போன பழைய கதவு மாதிரி. ஒருவர் தள்ளினால் திறக்காது. இரண்டு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் தள்ளினால் படாரென்று திறக்கும். மூட்டை கட்டிய எண்ணத்துக்கு இத்தனை நாளாகக் குறைந்தது இந்தக் குணம்தான். மாலை வேளைகளில் தெருத்தெருவாக நடந்தபடியே ஃபாரஸ்டர் இதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அந்த ஜூன் மாதத்தில் அவருடைய குறிப்பேட்டில் வடிவம் ஏறிவிட்டது.

அப்புறம் வேலை வில்லியம் பாப்பியன் என்ற ஆராய்ச்சி மாணவர் கைக்குப் போனது. 1950 அக்டோபரில் இரண்டுக்கு இரண்டாக நான்கே வளையங்கள் வேலை செய்தன. மெல்லிய உலோக நாடாவை வளையமாகச் சுற்றியவை அவை. வேலை செய்தன, ஆனால் மெதுவாக. உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து காந்தம் புரள்வதைத் தாமதப்படுத்தின. மின்சாரம் எளிதில் பாயாத காந்தப் பொருள் வேண்டும். அதுதான் ஃபெரைட். இரும்பு ஆக்சைடோடு வேறு உலோக ஆக்சைடுகளைக் கலந்து சூளையில் சுட்ட பீங்கான். நியூ ஜெர்சியில் இருந்த ஜெனரல் செராமிக்ஸ் நிறுவனத்தில் எர்ன்ஸ்ட் ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க் இந்தப் பொருளில் கை தேர்ந்தவர். அவர்களோடு பேசி, எம்ஐடியிலும் தனியாகச் சுட்டுப் பார்த்து, கலவையைச் சரிசெய்து சரிசெய்து, சுமார் ஒரு மைக்ரோ விநாடியில் புரளும் வளையத்தை எட்டினார்கள்.

ஒரு தளத்தை அருகில் வைத்துப் பார்த்தால்

இந்த வளையத்தை ஆங்கிலத்தில் கோர் என்பார்கள். வளையங்களைக் கோர்த்த ஒரு கோர் தளத்தைக் கையில் எடுத்து உருப்பெருக்கி வழியாகப் பாருங்கள். முதலில் துணி மாதிரி இருக்கும், நெருங்கினால் வலை. செப்புக் கம்பிகள் நெடுக்கும் குறுக்குமாகப் போகின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும் கரிய நிறத்தில் ஒரு குட்டி வளையம் சாய்ந்து நிற்கிறது. பக்கத்து வளையம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். வேர்ல்விண்ட் காலத்து வளையம் ஓரிரு மில்லிமீட்டர் அளவு. பின்னாளில் அரை மில்லிமீட்டருக்கும் கீழே போய், மிளகோடு ஒப்பிட்டால் மிளகு மலையாகத் தெரியும் நிலைக்கு வந்தது.

ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் நான்கு கம்பிகள். வளையத்தின் காந்தம் வலஞ்சுழியாக இருந்தால் 1, இடஞ்சுழியாக இருந்தால் 0 என்று வைத்துக்கொள்வோம். நெடுக்குக் கம்பியில் பாதி மின்னோட்டம், குறுக்குக் கம்பியில் பாதி. அந்த இரு கம்பிகளில் கோர்த்த மற்ற வளையங்களுக்கெல்லாம் பாதித் தள்ளுதான் கிடைக்கும், அவை அசையாது. சந்திப்பில் உள்ள வளையத்துக்கு மட்டும் முழுத் தள்ளு. அது புரளும்.

வாசிப்பது இன்னும் சுவாரசியம். வளையத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வழியில்லை. அதை 0-வுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே 0-வாக இருந்தால் ஒன்றும் நடக்காது. 1-ஆக இருந்தால் காந்தம் புரளும், அந்தப் புரளலில் மூன்றாவது கம்பியில், அதாவது உணர்கம்பியில், ஒரு சிறு துடிப்பு எழும். ஆக, வாசித்த கையோடு இருந்தது அழிந்துவிடுகிறது. உறையைக் கிழித்துக் கடிதத்தைப் படித்துவிட்டு, புது உறையில் போட்டு மறுபடி அதே இடத்தில் வைப்பது போல, ஒவ்வொரு வாசிப்புக்கும் பின்னால் ஒரு திருப்பி எழுதுதல் உண்டு.

நான்காவது, தடுப்புக்கம்பி. இதற்குக் கனசதுரத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். தளத்துக்கு 32-க்கு 32, அதாவது 1,024 வளையம். 16 பிட் சொல்லுக்கு 16 தளம் ஒன்றின் மேல் ஒன்றாக. மொத்தம் 16,384 வளையம். நெடுக்கு, குறுக்குக் கம்பிகள் எல்லாத் தளத்துக்கும் பொது. ஒரு முகவரியைத் தேர்ந்தால் 16 தளத்திலும் அதே இடத்து வளையங்கள் சேர்ந்து 1-க்குப் புரளப் பார்க்கும். எந்தத் தளத்தில் 0 வேண்டுமோ அங்கே மட்டும் தடுப்புக்கம்பியில் எதிர் மின்னோட்டம் விட்டால், தள்ளு பாதியாகி வளையம் அப்படியே நின்றுவிடும். இதில் உள்ள சிக்கனம் எனக்கு இன்றும் வியப்புதான். 1,024 முகவரிகளைத் தேர்ந்தெடுக்க 1,024 கம்பி வேண்டாம். 32-ம் 32-ம் சேர்த்து 64 போதும்.

உணர்கம்பியை ஏன் மூலைவாட்டமாக வளைத்து வளைத்து ஓட்டினார்கள் என்பதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. பாதித் தள்ளு வாங்கிய வளையங்கள் புரளாவிட்டாலும் லேசாக முனகும். அந்த முனகல்கள் எல்லாம் கூடினால் உண்மையான துடிப்பை மூடிவிடும். கம்பி பாதி வளையங்களில் ஒரு திசையிலும் மீதிப் பாதியில் எதிர்த்திசையிலும் நுழைந்தால், முனகல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும்.

கோர் என்ற ஆங்கிலச் சொல்லும், மணி கோர் என்று நாம் சொல்லும் வினையும் ஒரே ஒலியாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் இல்லை. வளையத்தை மாத்திரை அடிக்கும் மருந்துக் கம்பெனி இயந்திரம் போன்ற ஒன்றில் அழுத்தி எடுத்துச் சூளையில் சுட்டார்கள். ஆனால் கோர்க்க விரல்கள்தான் வேண்டியிருந்தன, பெரும்பாலும் பெண்களின் விரல்கள். ஐபிஎம் உள்ளீடற்ற ஊசிகளை வரிசையாக வைத்துக் கோர்க்கும் இயந்திரமும் செய்தது. அப்படியிருந்தும் 1960களில் வேலையின் பெரும்பகுதி ஜப்பான், தைவான் போன்ற இடங்களில் கைவேலைக்கே திரும்பியது. கணினி வரலாற்றில் அந்த விரல்களுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

ஒரு நினைவகத்தைச் சோதிக்க ஒரு முழுக் கணினி

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். வளையங்கள் ஆய்வக மேசையில் வேலை செய்தன. அதை நம்பி, ராடார்த் தகவலோடு ஓடிக்கொண்டிருந்த வேர்ல்விண்டின் வயிற்றைக் கிழித்து நேராக உள்ளே வைத்துவிடலாமா? கூடாது என்றார்கள். புது நினைவகத்தைச் சோதிப்பதற்காக மட்டும் தனியாக ஒரு கணினியைக் கட்டினார்கள். பெயரே நினைவகச் சோதனைக் கணினி. கட்டும் பொறுப்பு கென் ஓல்சன் என்ற இளைஞருக்கு. பின்னாளில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர் இவர்தான்.

மேசைச் சோதனைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மேசையில் ஒரு வளையத்தை ஆயிரம் முறை புரட்டிப் பார்க்கலாம். உண்மையான நிரல் ஓடும்போது எந்த வளையம் எப்போது எந்த அண்டை வளையத்தின் முனகலோடு புரளும் என்பதை மேசையில் காட்ட முடியாது. மிக மோசமான 1, 0 வரிசைகளை வேண்டுமென்றே எழுதி, மணிக்கணக்கில் நாள்கணக்கில் ஓடவிட்டுப் பார்க்க ஒரு கணினிதான் வேண்டும். ஓடவிட்டார்கள். பிழை கிட்டத்தட்ட இல்லை. அந்தப் பக்கம் வேர்ல்விண்டின் குழாய்கள் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தன. அதனால் சோதனைக் கணினியிலிருந்து அந்த நினைவகத்தை அப்படியே பிடுங்கி வந்து வேர்ல்விண்டில் மாட்டினார்கள். நான் தொடங்கிய 1953 ஆகஸ்ட் அதுதான்.

ஒரு உறுப்பைச் சோதிக்க இத்தனை செலவா என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். மாட்டிய நாளிலிருந்தே அது ஓடியதற்குக் காரணம் அந்தச் செலவு என்பேன்.

யாருடைய கண்டுபிடிப்பு?

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் வழக்குகள் என்னை அவ்வளவாக ஈர்ப்பதில்லை. அதே மாசச்சூசெட்ஸ் அவென்யூ போய்ச் சேரும் ஹார்வர்டில், ஷாங்காயில் பிறந்த ஆன் வாங் 1949 அக்டோபரிலேயே காந்த வளையத்துக்குக் காப்புரிமை கேட்டிருந்தார். வாசித்தால் அழிகிறதே என்று மற்றவர்கள் தயங்கிய இடத்தில், அழிந்தால் என்ன, திருப்பி எழுதிவிடலாமே என்று கண்டவர் அவர். ஆனால் அவருடையது வரிசை. தகவல் ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்கு நகரும். ஃபாரஸ்டருடையது கட்டம். ஆர்சிஏ நிறுவனத்தின் யான் ராய்க்மன் 1950 செப்டம்பரில் கட்ட அமைப்புக்கு மனுப் போட்டுவிட்டார். ஃபாரஸ்டர் போட்டது 1951 மே மாதத்தில். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1947-ல், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் தெரு, நடைபாதைகளை ஆய்வு செய்யும் பணியில் இருந்த ஃபிரெடரிக் வீஹி என்பவரும் காந்தக் கருவிகளுக்கு மனுச் செய்திருந்தார்.

வாங் தன் உரிமையை 5 லட்சம் டாலருக்கு ஐபிஎம்முக்கு விற்றார். எம்ஐடி தரப்பு பிட்டுக்கு 2 சென்ட் கேட்க, ஐபிஎம் மறுக்க, இழுபறி ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1964-ல் ஐபிஎம் 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து முடித்தது. இந்த நினைவகம்தான் வழி என்று தொழில்துறையை நம்பவைக்க ஏழு ஆண்டு, இதை நீங்களெல்லாம் முதலில் யோசிக்கவில்லை என்று நம்பவைக்க இன்னும் ஏழு ஆண்டு பிடித்தது என்று ஃபாரஸ்டர் பின்னர் சொல்லியிருக்கிறார்.

மாட்டிய பிறகு

வேர்ல்விண்டில் தேறியது அமெரிக்க வான் பாதுகாப்புக்கான சேஜ் அமைப்புக்குப் போனது. அதன் கணினிகளை ஐபிஎம் கட்டியது. அந்த வழியாக ஐபிஎம்மின் வணிகக் கணினிகளுக்கும் கோர் வந்து சேர்ந்தது. பிட்டுக்கு ஒரு டாலர் என்று தொடங்கிய விலை 1970 வாக்கில் ஒரு சென்ட் அளவுக்கு இறங்கியது. இந்தியாவில் மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் சொந்தமாகக் கட்டி 1960-ல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த டிஃப்ராக் கணினியும் ஃபெரைட் வளைய நினைவகம் கொண்டதுதான். அந்தக் குழுவை நடத்தியவர் சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ரா. நரசிம்மன். 1973-ல் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370/155-ன் முதன்மை நினைவகமும் கோர்தான். அங்கே துளை அட்டைகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த மாணவர்களின் நிரல்களெல்லாம் இந்த வளையங்களில்தான் சற்று நேரம் தங்கிப் போயின.

மின்சாரம் போனாலும் காந்தம் போகாது என்பதால், ராணுவத்திலும் விண்வெளியிலும் கோர் இன்னும் நீடித்தது. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் கணினிகளில் 1980களிலும் இருந்தது. நிரல் நிலைகுலைந்தால் நினைவகத்தில் உள்ளதை அப்படியே கொட்டுவதை இன்றும் கோர் டம்ப் என்கிறோம். அந்தச் சொல்லில் உள்ள கோர் இந்த வளையம்தான்.

கோரை வெளியேற்றியது குறைகடத்திச் சில்லு. 1970-ல் இன்டெல் கொண்டுவந்த 1103 என்ற சில்லில் 1,024 பிட். வேர்ல்விண்டின் ஒரு தளத்தில் விரல்களால் கோர்த்த வளையங்களின் எண்ணிக்கையும் சரியாக அதே 1,024. அந்தச் சில்லு பிட்டை வைத்தது காந்தத்தில் அல்ல, மின்னூட்டத்தில். ஊட்டம் கசியும். அதனால் இரண்டு மில்லி விநாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பார்ட்டா கட்டடத்துக் குழாய்களில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது எலக்ட்ரான் துப்பாக்கிக்கும் அதே வேலைதான்.